சொல்லாமல் போனவர்கள்

மலையாள ஊரில் நாங்கள் தமிழர்கள் பிழைக்கும் சாலைக் கடைத்தெருவில் நாலு எட்டு வைப்பதற்குள் இன்றைக்கும் யாராவது ஒருவர் என்னை நிறுத்தி, "ஒடம்பு தேறிட்டா பிள்ளே?" என்று கேட்கிறார். தேறிவிட்டது என்கிறேன். கொட்டிப்போன முடி திரும்ப முளைத்துவிட்டது. சட்டைப் பித்தானை நானே போட முடிகிறது. கேட்டவருக்குத் திருப்தி, போய்விடுகிறார். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய பதினாறு நாளும் ஊர் முழுக்க வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டது, என்னிடம் அல்ல, நான் இல்லாத வீட்டில். அது எப்படி நடந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. ஜவுளிக்கடையில் கஜக்கோல் பிடித்துத் துணி அளந்து கிழிக்கிறவன் நான். எங்கேயாவது நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் புரட்டாசிக் கடைசியில், தீபாவளி விற்பனை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு நாள் காய்ச்சலோடு கடைக்குப் போனேன். மூன்றாம் நாள் அளக்கும்போது கஜக்கோல் கை நழுவித் தரையில் விழுந்தது. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். வைத்தியர் கஷாயம் கொடுத்தார். எட்டு நாள் குடித்தேன். காய்ச்சலும் கூடவே குடித்துவிட்டு இறங்காமல் இருந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் மனைவி பகவதி, எட்டு வயது மகள் வள்ளி, நான். பகவதிக்கு வாய் ஓயாது. அடுப்போடு பேசுவாள், குடத்தோடு பேசுவாள், நான் கேட்கிறேனா இல்லையா என்று பார்க்காமல் என்னோடும் பேசுவாள். அந்த எட்டு நாளும் என் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியை மாற்றிக்கொண்டே, எதிர்வீட்டுக்காரியின் பசு எத்தனை படி பால் கறக்கிறது என்பது வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கையும் சுட்டது. என் காய்ச்சல் ஏறிய சூடு என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு வரைக்கும் நான் என்னை மன்னிக்காத இடம் அது.

ஒன்பதாம் நாள் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மணக்காட்டில் இருக்கும் என் அக்காவும் பகவதியின் தம்பி நாறும்பூவும் கூட வந்தார்கள். காத்திருக்கும் வராந்தாவில் ஒரு காலை முழுக்கக் கிடந்தேன். என்னைச் சுற்றி உலகத்தில் உள்ள எல்லா இருமலும் இருந்தது. பிறகு ஒரு சிஸ்டர் வந்து என் முழங்கை மடிப்பில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். அந்த ரத்தத்தைத் தெளிய வைத்து, தெளிவை மட்டும் எடுத்து இந்தக் காய்ச்சலின் கிருமியோடு கலப்பார்களாம். பால் திரிகிற மாதிரி கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் டைபாய்டு. மறுநாள் திரண்டுவிட்டது.

டாக்டர் மலையாளி. இளம் வயது. ஆனால் பேசும்போது மட்டும் நூறு வயது ஆனவர் மாதிரி நிதானம். எங்களுக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

"இதுக்கு மருந்து இல்லா. கெடக்கணும், அதாணு மருந்து. அனங்கான் பாடில்லா, கேட்டோ? அசையவே கூடாது."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காய்ச்சல் வெளியே தெரிகிறது, நோய் உள்ளே குடலில் இருக்கிறது. சிறுகுடலின் உட்புறம் புண் புண்ணாகிவிடும். மூன்றாம் வாரம் அந்தப் புண்ணின் பொருக்கு உதிரும். அப்போது குடல் நனைந்த காகிதம் போல இருக்கும். எழுந்து உட்கார்ந்தாலும், கட்டியாக எதையாவது தின்றாலும், வயிறு குலுங்கினாலும் ஓட்டை விழலாம், ரத்தம் கொட்டலாம். அதனால் பார்லித் தண்ணீர், மோரைக் காய்ச்சி வடித்த தெளிவு, இவ்வளவுதான் ஆகாரம். மல்லாக்கக் கிடந்தபடியே எல்லாம். கட்டில் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கும், அதில் காலையும் மாலையும் காய்ச்சலைப் புள்ளி வைத்துக் கோடு இழுப்பார்கள். என் கோடு படிக்கட்டு மாதிரி மேலேயே போய்க்கொண்டிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் மார்த்தாண்டத்துக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் கிடந்தார், பெயர் தேவசகாயம். பார வண்டிச் சக்கரம் ஏறி வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்துவிட்டது. கால் ஒடிந்தவர்களின் வார்டில் இடமில்லாமல் காய்ச்சல்காரர்கள் நடுவில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். காலில் மரச்சட்டம் கட்டி, கயிற்றில் கல் தொங்கவிட்டிருந்தது. என் வயதுதான் இருக்கும். வாய் மட்டும் பகவதிக்குச் சமம்.

"ஓய் பிள்ளே, நீரு பேசப்பிடாதுன்னு டாக்டரு சொல்லியாச்சு. எனக்கு அசையப்பிடாது, பேசலாம். ரெண்டுபேருக்கும் சேத்து நானே பேசிக்கிடுதேன்."

முதல் ஆறு நாள் பகவதி தினமும் வந்தாள். மாலை நாலு மணிக்கு மணி அடித்து வெளியாட்களை உள்ளே விடுவார்கள். முதல் ஆளாக அவள் நுழைவாள். கால்மாட்டு அட்டையைப் படிக்கத் தெரிந்தவள் போல உற்றுப் பார்ப்பாள். தேவசகாயத்துக்கும் ஒரு குவளையில் சுக்குத் தண்ணீர் கொண்டுவருவாள். ஆறாம் நாள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அன்றைக்கு மட்டும் அதிகம் பேசவில்லை. "போயிட்டு வாரேன், பேசாம கெடங்க" என்று சொல்லிவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். சொன்னபடி வரவில்லை.

ஏழாம் நாள் அக்கா வந்தாள். "பகவதிக்கும் லேசா காய்ச்சல். என் வீட்டுல கொண்டு வச்சிருக்கேன். நீ அத நெனச்சு மனசக் குழப்பிக்காத" என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்கு நினைவில் ஒழுங்காக இல்லை. சன்னி என்பார்களே, அது. கட்டிலுக்கு மேலே கடைச் சரக்கு முழுவதையும் யாரோ பிரித்துப் போட, நான் மடித்துக்கொண்டே இருந்தேனாம். தலையில் ஐஸ் பை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்த சிஸ்டரிடம், "முந்தானை பாத்தீங்களா, சாயம் போகாது" என்று சொன்னேனாம். தேவசகாயம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இந்தக் குழப்பம் தெளிந்த அன்று அட்டையில் என் கோடு முதல்முறையாகக் கீழே இறங்கியது. எல்லோரும் சந்தோஷப்பட வேண்டிய நாள். அன்று மாலை நாலு மணிக்கு என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

மறுநாளிலிருந்து கூட்டம் வந்தது. அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். கடை முதலாளி வந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் என்று சொந்தக் கடையிலேயே மேல்தளத்துக்கு ஏறாத மனிதர். பருப்புக்கடை அண்ணாச்சி வந்தார். எதிர்வீட்டுப் பசுக்காரி வந்தாள். வள்ளியூரிலிருந்து பகவதியின் பெரியப்பா வந்தார். "பகவதிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லோரும் அச்சடித்தது போல ஒரே பதில் சொன்னார்கள். "சாரமில்ல, சாரமில்ல." பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் நாங்கள் மலையாளத்தைக் கடன் வாங்கிக்கொள்வோம்.

எல்லோருக்கும் தலை ஈரமாக இருந்தது. அக்கா நாலு மணிக்குக் கூந்தலை நுனியில் முடிந்து, முதுகு நனைய வந்தாள். மழைக்காலம், நனைந்திருப்பார்கள் என்று இருந்துவிட்டேன். நாறும்பூ தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு வந்தான். "என்னடே தலைப்பாகை?" என்றேன். "மழ அத்தான்" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னான். மழையின் மேல் எதை வேண்டுமானாலும் போடலாம்.

ஆனால் ஒன்றை மழையின் மேல் போட முடியவில்லை. வந்தவர்கள் யாரும் போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பதை நாங்கள் துட்டி கேட்பது என்போம். துட்டி வீட்டில் "வாங்க" என்று யாரும் வரவேற்பதில்லை. போனவர் உட்காருவார். ஆணாக இருந்தால் அந்த வீட்டு ஆணின் கையைத் தன் இரண்டு கையாலும் தொடுவார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, சட்டென்று எழுந்து திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார். "போயிட்டு வாரேன்" என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று சொன்னது போல. திரும்பி வீட்டுக்குப் போனதும் தலைமுழுகிவிட்டுத்தான் மற்ற வேலை. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். நோயாளியைப் பார்க்கப் போனாலோ இதற்கு நேர் எதிர். "போயிட்டு நாளைக்கு வாரேன்" என்று ஒருதரத்துக்கு இரண்டுதரம் சொல்ல வேண்டும்.

முதலாளி என் கையை இரண்டு கையாலும் தொட்டார். நாடி பார்க்கிறாராக்கும் என்று நினைத்தேன். பிறகு எழுந்து, ஒன்றும் சொல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார். பருப்புக்கடை அண்ணாச்சியும் அப்படியே. பசுக்காரி பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து போனாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. என்ன மரியாதை கெட்ட ஜனம் என்று வைதேன். மூன்றாம் நாள் பகவதியின் பெரியப்பா, முறைக்கு முறை பார்க்கிற மனுஷர், அவரும் சொல்லாமல் எழுந்து போனபோதுதான் நான் வைவதை நிறுத்தினேன்.

புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நான் சாகப்போகிறேன். டாக்டர் கைவிட்டுவிட்டார். இவர்களுக்குத் தெரியும், எனக்கு மட்டும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும்போதே என்னிடம் துட்டி கேட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்கேற்ற மாதிரி இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏற ஆரம்பித்தது. டைபாய்டு சிலருக்கு இப்படிப் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வருமாம்.

பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் வார்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு பயம் சலித்துப்போனது. சலிப்பு வந்தபிறகு பகவதியின் நினைவு வந்தது. அவள் வாய்க்குப் பயந்து இந்த ஊரில் யாரும் அவளிடம் நெருங்க மாட்டார்கள். ஆனால் புருஷன் போய்விட்டால் வாயை மூடச் சொல்லிவிடுவார்கள். அதுதான் என்னைத் தின்றது. அன்று மாலை அக்கா வந்து உட்கார்ந்ததும், ஆஸ்பத்திரி முழுவதும் கேட்டாலும் சரி என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அக்கா, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒளிக்காத."

அக்காவின் முகம் வெளுத்தது. "என்னத்தப்பா தெரிஞ்சுது?"

"நான் பொழைக்க மாட்டேன். அதுக்கில்ல. பகவதிய வள்ளியூருக்கு அனுப்பிராத. அங்க அவளுக்கு ஒத்துவராது. இங்கயே ஒன் பக்கத்துல இருக்கட்டும். வெள்ளச்சேலை கட்டச் சொல்லி யாரும் அவள நெருக்கப்பிடாது. அவளுக்குப் பச்சைதான் பிடிக்கும். கடையில மேல்தட்டுல, பழைய கணக்குத் துணிக்குக் கீழ, எலப்பச்சையில ஒரு சேலை எடுத்து வச்சிருக்கேன். மாம்பழக்கரை போட்டது. தீவாளிக்குக் குடுக்கணும்னு வச்சது. முதலாளிக்குத் தெரியும். அத வாங்கி அவகிட்ட குடு. நான் போனதுக்கு அப்புறமும் அதக் கட்டணும்னு நான் சொன்னதாச் சொல்லு."

அக்கா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் ஆடின. எனக்காக அழுகிறாள் என்று நினைத்து, "அழாத" என்று சொல்லக்கூட வாயெடுத்தேன்.

"அதத்தான்ப்பா கட்டி விட்டோம்" என்றாள் அக்கா. "முதலாளி குடுத்துவிட்டாரு. அந்தப் பச்சைச் சேலையத்தான் கட்டி அனுப்புனோம். இன்னைக்கு ஒம்பது நாளாச்சு."

என் கோடு இறங்கிய நாளும் அவள் போன நாளும் ஒன்று. என்னைக் கவனித்துக்கொண்டே, அதே காய்ச்சலோடு படுக்காமல் நடமாடித் திரிந்தவள். படுத்த எட்டாம் நாள் குடலில் ரத்தம் உடைத்துக்கொண்டு, ஒரு மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. நாறும்பூதான் கொள்ளி வைத்தான். தலைப்பாகைக்குள் இருந்தது மொட்டைத்தலை. எனக்குச் சொன்னால் நான் அழுவேன், அழுதால் வயிறு குலுங்கும், குலுங்கினால் குடல் பொத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லோரும் ஒருமனதாக வாயைக் கட்டிக்கொண்டார்கள். வாயைத்தான் கட்ட முடிந்தது. துட்டி வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு நேராக என்னிடம் வந்தவர்களின் காலும் கையும் பழக்கப்பட்ட வேலையைச் செய்துவிட்டன. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு எழவில்லை. அவர்களை இன்றைக்கு நான் குறை சொல்லவில்லை. என்மேல் பாசம் இல்லாவிட்டால் இத்தனை பேர் இத்தனை நாள் ஒரு பொய்யைச் சுமந்திருப்பார்களா?

அக்காவின் அழுகைச் சத்தம் கேட்டு டாக்டர் ஓடி வந்தார். என் வயிற்றின் மேல் கையை அகல விரித்து வைத்தார். "கரயருது" என்றார், அழக்கூடாது என்று. அதட்டிச் சொல்லவில்லை, கெஞ்சினார். "ரெண்டு ஆழ்ச்ச, ரெண்டு வாரம். அது கழிஞ்சு எத்தற வேணும்னாலும் கரயலாம்."

மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்காத குறையாக எனக்கு அழுகை விலக்கப்பட்டது. மல்லாக்கக் கிடந்தவன் கண்ணில் தண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் போய் நிறைந்தது. சிஸ்டர் பஞ்சால் துடைத்துவிட்டாள். வயிறு மட்டும் அசையவில்லை. அப்படி ஒரு அழுகை அழ எனக்குத் தெரியும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

ஆட்கள் வருவது அதன் பிறகு குறைந்தது. பதினாறாம் நாள் காரியம் நடந்தது. அதோடு கூட்டம் நின்றுபோனது. துட்டிக்கும் ஒரு காலக்கெடு உண்டு. ஊரார் அழுது முடித்து, தலைமுழுகி, கடையைத் திறந்துவிட்டார்கள். நான் அப்போதுதான் ஆரம்பிக்கிறேன். கூட அழ ஒரு ஆள் இல்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் காய்ச்சலைப் பற்றியே விசாரித்தார்கள். நான் பகவதி என்று வாயெடுத்தால், "அதெல்லாம் நெனைக்கப்பிடாது, ஒடம்பப் பாரும்" என்று பேச்சை வெட்டினார்கள். ஒரு மனுஷி முப்பது வருஷம் பேசிக்கொண்டே இருந்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

தேவசகாயம் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. அவருக்கும் முன்பே தெரியும், அக்கா சொல்லி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"பிள்ளே, ஒமக்க வீட்டுக்காரிக்க பேரு என்னவாக்கும்?"

ஆறு நாள் அவள் கையால் சுக்குத் தண்ணீர் குடித்தவருக்குப் பேர் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் கேட்டார். "பகவதி" என்றேன்.

"அது அவியளுக்கு ஆரு வச்ச பேரு?"

சொன்னேன். மறுநாள் இன்னொரு கேள்வி. "அவிய ஒம்ம ஏசினா என்ன சொல்லி ஏசுவா?" அதற்கடுத்த நாள், "பாட்டுப் படிப்பாளா?" பிறகு, "புளிக்கறி யாரு கைப்பக்குவம் நல்லது, ஒமக்க அக்காவா அவியளா?" அவள் வைக்கும் குழம்பில் புளி தூக்கலாக இருக்கும் என்று நான் சொன்னபோது தேவசகாயம், "அதச் சொல்லும், அதச் சொல்லும். நல்லதாவே சொல்லீட்டிருந்தா அது வேற ஆரோவாக்கும்" என்றார். தினமும் ஒன்று, மெதுவாக, வயிறு குலுங்காத அளவுக்கு. பார்லித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கிற மாதிரி.

ஒருநாள் நான் கேட்டேன், ஏன் ஓய் இப்படி விடாமல் கேட்கிறீர் என்று.

"எனக்க மூத்த மவன் ஏழு வயசுல போனான்" என்றார். "சபைக்காரங்க எல்லாம் வந்தாங்க, ஜெபிச்சாங்க. கர்த்தர்கிட்ட இருக்கான்னு சொன்னாங்க. நல்ல ஆளுவதான். ஆனா அவனுக்க பேரை ஒருத்தரும் சொல்லேல. சொன்னா நான் அழுதிருவேனாம். நான் அந்தப் பேரைக் கேக்கதுக்கு ஏங்கீட்டு கெடந்தேன் பிள்ளே. கழுதைய மேய்க்கவன் எவனாவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக்கூட ஓடிப்போயி பாப்பேன்."

"அவன் பேரு என்ன?" என்றேன்.

"யோசேப்பு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெரிய வாய்க்காரர் கூரையைப் பார்த்து இன்னொரு தடவையும் அந்தப் பேரைச் சொன்னார்.

கார்த்திகை பிறந்து பத்து நாள் கழித்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குமுன் நாலைந்து நாள், நடக்கப் பழகும் பிள்ளை மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு வார்டைச் சுற்றி வந்தேன். குழைந்த சோறு ஒரு கரண்டி கொடுத்தார்கள். டாக்டர் என் தோளில் தட்டி, "இனி எல்லாம் ஆகாம்" என்றார், இனி எல்லாம் செய்யலாம் என்று. எல்லாம் என்று அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அழுகை அதற்குள் உள்ளேயே உறைந்துபோயிருந்தது. அனுமதி கிடைத்தபோது சரக்கு இல்லை. தேவசகாயத்துக்குக் கால் இன்னும் கூடவில்லை. "ஓய், நான் ஒம்ம வீட்டுக்கு வருவேன் பாத்துக்கிடும்" என்றார். ஆஸ்பத்திரிச் சிநேகம், அங்கேயே முடிந்துபோகும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். அக்கா எங்களோடு வந்து இருந்தாள். வள்ளி அதற்குள் வளர்ந்திருந்தாள். நான் உட்காரப் போனால் பலகை போட்டாள். எழுந்தால் கையைப் பிடித்தாள். எட்டு வயதுப் பெண் ஒரு சிஸ்டர் மாதிரி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அம்மா என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. அவள் அழுது நான் பார்க்கவும் இல்லை. குழந்தை, மறந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. இந்த வீட்டில் பகவதிக்காக அழ இனி யாரும் மிச்சமில்லை என்று தோன்றியது. கடைக்குப் போவேன், அளப்பேன், கிழிப்பேன், வருவேன். சாப்பாடு மண்ணாக இருந்தது. படுத்தால் எழ மனம் வராது. உடம்பு தேறத் தேற ஆள் தேய்ந்துகொண்டிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் டக்கு டக்கு என்று கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது. கக்கத்தில் இரண்டு பக்கமும் கட்டை, தோளில் ஓலைப்பெட்டி, தேவசகாயம் வாசலில் நின்றார். மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து, சாலையிலிருந்து அந்தக் காலோடு நடந்து வந்திருக்கிறார்.

"வாங்க, வாங்க" என்று எழுந்தேன்.

அவர் பதில் சொல்லவில்லை. சிரிக்கவில்லை. கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, ஒடிந்த காலை நீட்டிக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் எதிரே உட்கார்ந்து என் கையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் தொட்டார். கருப்பட்டி வியாபாரியின் கை, சொரசொரவென்று இருந்தது. மூன்று மாதம் பிந்தி என்னிடம் ஒரு ஆள் துட்டி கேட்க வந்திருக்கிறார்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் வள்ளி நின்றாள். தேவசகாயம் அவளைப் பார்த்தார்.

"மக்களே, ஒனக்க அம்மைக்க பேரு என்ன?"

வள்ளி என்னைப் பார்த்தாள். பயந்த பார்வை. பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பிறகு என்னிடம் சொன்னாள். பகவதி போன அன்று அழுதுகொண்டிருந்த குழந்தையை இழுத்து வைத்து, "அழாத. அம்மையப் பத்தி அப்பா காதுல விழுந்தா அப்பாவும் செத்துப்போவாரு" என்று சொல்லி வாயை அடக்கியிருக்கிறாள். எனக்கு விஷயம் தெரிந்த பிறகு எல்லோருடைய கட்டும் அவிழ்ந்துவிட்டது. வள்ளியின் வாய்க்கட்டை அவிழ்க்க மட்டும் அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னைச் சாகாமல் வைத்திருக்க அந்தக் குழந்தை மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

"சொல்லு மக்களே, அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் தேவசகாயம், எதையும் அறியாமலே.

"பகவதி" என்றாள் வள்ளி. குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. துட்டி வீட்டு முறைப்படி கொஞ்ச நேரம் இருந்தார். ஓலைப்பெட்டியிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்து வள்ளியின் கையில் வைத்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, கட்டைகளைக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். இத்தனை தூரம் வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்ற பதைப்பில் நான் பின்னாலேயே வாசலுக்குப் போனேன்.

"ஓய், போயிட்டு வா..." என்று ஆரம்பித்தேன்.

ஒரு சின்னக் கை எக்கி வந்து என் வாயைப் பொத்தியது. கருப்பட்டி வாசம் அடித்தது.

"சொல்லப்பிடாதுப்பா" என்றாள் வள்ளி. "அவரு அம்மைக்குத் துட்டி கேக்க வந்திருக்காரு. சொல்லப்பிடாது."

சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் கோணிக்கொண்டு போயிற்று. நான் அவளைத் தூக்க முடியாத பலவீனத்தில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் மடியில் விழுந்தாள். தெருவில் கட்டைச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது, திரும்பவில்லை. அப்பாவும் மகளும் அழுதோம். எனக்கு வயிறு குலுங்கியது. குலுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.